பயத்தை மறைக்காமல் ஜெபித்த எங்கள் அக்கா

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. கடைசிவரை அவர் எதற்கும் அஞ்சவில்லை என்று இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அக்கா பயந்தார். பயந்ததை ஆண்டவரிடம் மறைக்காமல் சொன்னார். தங்கையாக எனக்கு எழுதத் தெரிந்தது அதுதான்.

அக்கா பிறந்தது ராயப்பேட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு தி. நகரில் ஒரு துணிக்கடையின் புடவைப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் நின்றே வேலை பார்த்தார். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கால்கள்தான். வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்தாலும் கிண்டல் குறையாது. "இன்னிக்கு ஒரு அம்மா அறுபது பொடவ பிரிக்க வச்சிட்டு, கர்ச்சீப் வாங்கிக்கினு போச்சுடி" என்று சிரிப்பார்.

நாற்பத்தெட்டாவது வயதில் அவர் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. பயம் என்று வாயைத் திறந்தாலே அவிசுவாசம், சுகம் கிடைக்காது என்று எங்கள் ஜெபக்குழுத் தலைவர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின புதன்கிழமை மாலை குழு எங்கள் வீட்டில் கூடியது. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபிப்பது வழக்கம். "பூரண சுகம் தந்துவிட்டீர், ஸ்தோத்திரம்" என்றே எல்லோரும் ஜெபித்தார்கள். கட்டி உள்ளேதான் இருக்கிறது, அதற்குள் நன்றி!

அக்காவின் முறை வந்தது. அவர் சொன்னார்: "ஆண்டவரே, எனக்கு ரொம்ப பயமா கீது. மயக்க ஊசி போட்டா முழிப்பேனான்னு தெர்ல. நீ கூட கீறியான்னும் தெர்ல. கூடவே இரு."

தலைவர் கண்ணைத் திறந்தார். "சிஸ்டர், விசுவாசமா சொல்லுங்க. சுகமாயிட்டேன்னு சொல்லுங்க."

"ஐயா, கடைலதான் கால் வலிச்சாலும் சிரிச்சிக்கினே நிக்கணும். ஆண்டவர்கிட்டயும் அப்டியே நிக்கணுமா?"

அடுத்தது அக்காவின் கணவர், எங்கள் மாமா. சபைத் தமிழில் சரளமாக ஜெபிப்பவர், அன்று உடைந்துபோனார். "இவ இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. காப்பாத்துப்பா." ஏற்கெனவே அழகாக ஜெபித்து முடித்திருந்த, வேளச்சேரியிலிருந்து கூட்டத்துக்கு வரும் ஒரு அம்மா, "நான் இன்னொரு தபா சொல்லலாமா?" என்று கேட்டார். வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததிலிருந்து மழை என்றாலே உடம்பு நடுங்குகிறது என்று அப்போதுதான் சொன்னார். கடைசியில் தலைவரும் தலையைக் குனிந்தார். "ஆண்டவரே, என் பையன் என்கிட்ட பேசி ஒரு வருஷம் ஆச்சு." அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி அன்று போனது. மீதி இருக்கிறது. இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும்.

அன்று அக்கா தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், "பயம் போச்சாக்கா?" என்று கேட்டேன்.

"போவல. ஆனா தனியா போற மாதிரி இல்லடி."

பிழைத்தார். நான்கு வருடம் இருந்தார். மறுபடியும் கடைக்குப் போய் நின்றார். நோய் திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில் பெண்களிடம், "பயமா கீதா? வா, சேந்து சொல்லலாம்" என்பார். கடைசி நாள் காலையில், "வலிக்குது ஆண்டவரே. சீக்கிரம் கூப்டுக்கோ. இவங்கள பாத்துக்கோ" என்று ஜெபித்தார். மதியம் என் கையைப் பிடித்தபடியே போனார். முகத்தில் கலக்கம் இல்லை.

முறைபோட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த கடைத் தோழிகளுக்கும், தினமும் கஞ்சி அனுப்பிய பக்கத்துத் தெரு பாய் வீட்டாருக்கும், கடிந்து பேசாத நர்சுகளுக்கும் நன்றி. அடக்கத்தன்று பிரசங்கம் செய்யாமல் எங்களோடு உட்கார்ந்து அழுத தலைவருக்கும் நன்றி. ஒரு தடவைகூட எட்டிப்பார்க்காத உறவினர்களும் இந்த மலரைப் படிக்கட்டும்.

புதன்கிழமைக் கூட்டம் இப்போதும் எங்கள் வீட்டில்தான். வாருங்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். மனதில் எது கனக்கிறதோ அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள், நாங்கள் கூட இருப்போம். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்: ஆண்டவரே, அக்காவை எடுத்துக்கொண்டதில் எனக்கு உம்மேல் கோபம். அதைச் சொல்லவும் உம்மிடம்தான் வருகிறேன்.