எட்டு நாற்பதுக்குத் தெரிந்த புகை

போகியன்று மலைக்கு யாரும் ரோந்து வரமாட்டார்கள் என்று பாஞ்சாலியிடம் சொன்னது பெரியநாயகம்தான். ஒன்பது ஆண்டுகளாக அது பொய்த்ததில்லை. இந்த ஆண்டு காலை ஆறரை மணிக்கு அவர் எட்டிமலை அடிவாரத்துக்கு வந்தபோது, வனவர் மணிமாறன் பைக்கில் சாய்ந்தபடி நின்றிருந்தார். தோளில் பை, கழுத்தில் மஃப்ளர்.

"வாங்க நாயகம். நானும் மேல வர்றேன். வெயில் காலத்துக்கு முன்ன கோபுரத்தப் பாத்து ரிப்போர்ட் குடுக்கணும்."

"இன்னிக்கா சார்? போகி ஆச்சே."

"அதனாலதான். மத்த நாள்ல எங்க நேரம்?"

எட்டிமலை, திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது. உச்சியில் நான்கு இரும்புக் கால்களும் தகரக் கூரையுமாக ஒரு கண்காணிப்புக் கோபுரம். அதன் தீக்காவலர் பெரியநாயகம். வயது ஐம்பத்தொன்று. முன்பு கல் குவாரியில் வேலை பார்த்து வலது கையில் இரண்டு விரல்களை இழந்தவர். தினமும் சோற்றுத் தூக்கும் தண்ணீர்க் கேனுமாக ஏறி, சாயங்காலம் இறங்குவார். தற்காலிக வேலைதான். ஆனாலும் அதற்குக் காக்கிச் சட்டை உண்டு, கோபுரச் சாவி உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட அந்தச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போவார் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

மலையின் வடக்குச் சரிவில் ஒரு பெரிய பள்ளம். துடைப்பம் கட்டுகிற புல் அங்கே இடுப்பு உயரம் வளரும். தை பிறக்கும்போதுதான் அது முற்றியும் உதிராமலும் இருக்கும். காப்புக்காடு என்பதால் வெட்டக்கூடாது. அன்று விடியும் முன்பே பாஞ்சாலியும் இன்னும் ஐந்து பெண்களும் அந்தப் பள்ளத்துக்குள் போயிருந்தார்கள். பெரியநாயகத்தின் மனைவி அமல்ராணியும் முட்டி தேயும்வரை அவர்களோடு போனவள்தான்.

உச்சிக்குக் குறுக்கு வழி அந்தப் பள்ளத்தின் ஓரமாகப் போகிறது. பெரியநாயகம் தெற்கே சுற்றுகிற வழியில் காலை வைத்தார். வடக்கே ஒரு வழி உண்டு என்று கேள்விப்பட்டேனே என்றார் மணிமாறன்.

"குளவி கூடு கட்டிக்கினு இருக்குது சார். கொட்டுனா பேஜாரு."

பாறைகளில் பனி ஈரம் வழுக்கியது. வனவர் இரண்டு முறை உட்கார்ந்தார். இரண்டாவது முறை, மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். நிரந்தரம் செய்வதற்கான பட்டியல் மேலே போகிறது. அதில் பெரியநாயகத்தின் பெயர் முதலில் இருக்கிறது. எழுதுவதற்கு முன் ஆளின் வேலையை ஒரு நாள் கூட இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லாமல் வந்தாராம். பெரியநாயகம் தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகு வழியெல்லாம் தேவையில்லாமல் சத்தமாகச் செருமிக்கொண்டே ஏறினார்.

எட்டேகாலுக்குக் கோபுரத்தில் இருந்தார்கள். கீழே பனி இன்னும் விலகவில்லை. அதற்குள்ளிருந்து ஊருக்கு ஊர் புகை எழுந்தது. மேல்மலையனூர்ப் பக்கம் வானமே மங்கலாக இருந்தது. இத்தனை புகையில் காட்டுத் தீயை எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று மணிமாறன் கேட்டார். போகிப் புகை கறுப்பு, பாயும் டயரும் எரிவது, நேரே எழும்பிச் சீக்கிரம் அடங்கும். புல் எரிந்தால் வெள்ளையும் பழுப்புமாகக் காற்றோடு சாயும் என்று பெரியநாயகம் விளக்கினார். வனவர் குறித்துக்கொண்டார்.

எட்டு நாற்பதுக்கு வடக்கு அடிவாரத்தில் ஒரு புகை தெரிந்தது. கீழே கறுப்பு. ஓரம் மட்டும் வெளுத்திருந்தது.

"அதுவும் போகிதானே?"

"போகிதான் சார்."

கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. அவர் அதை எடுக்கவில்லை. மேல்மலையனூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு, அமாவாசைக் கூட்டத்தைப் பற்றி ஏதோ பேசினார்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு வாடைக்காற்று பலத்தது. புகை வெள்ளையாகச் சாய்ந்து சரிவில் ஏறத் தொடங்கியது. இம்முறை மணிமாறனே பார்த்துவிட்டார். கார்த்திகையோடு மழை நின்றுபோன ஆண்டு. புல் காய்ந்து கிடந்தது. அவர் வாக்கி-டாக்கியை எடுத்தார். சாலையோரச் செக்போஸ்ட்டில் வனக்காப்பாளர் சேரனும் நான்கு ஆட்களும் இருந்தார்கள். மலையின் இடுப்பைச் சுற்றிப் புல் செதுக்கிவைத்த தீத்தடுப்புக் கோடு உண்டு. அங்கே போய் எதிர்த் தீ வைக்கச் சொன்னார். கோட்டிலிருந்து கீழ்நோக்கி எரியும் தீ, மேலேறி வரும் தீயைப் பாதியில் சந்தித்து அடங்கும். சரியான உத்தரவுதான். அந்த இரண்டு தீக்கும் நடுவில்தான் பள்ளம் இருந்தது.

பெரியநாயகம் வனவரின் மணிக்கட்டைப் பிடித்தார். மேலதிகாரியின் கை, தொடக்கூடாதது.

"வெக்க வேணாம் சார். உள்ள ஆளுங்க கீறாங்க. ஆறு பொம்பளைங்க. புல்லு அறுக்கறாங்க."

"யார் வுட்டது?"

"நாந்தாங்க."

மணிமாறன் அவரையே பார்த்தார். "அப்ப குளவி?"

"இல்லீங்க."

பள்ளத்தில் செல்போன் எடுக்காது. தான் சொல்லும்வரை நெருப்பு வைக்கக்கூடாது என்று மணிமாறன் சேரனுக்கு மாற்றிச் சொல்லும்போதே, பெரியநாயகம் வடக்குச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். இருபது நிமிடப் பாதை. அவர் பாதையில் போகவில்லை. பாறைக்குப் பாறை உட்கார்ந்து சறுக்கினார். முழங்கை கிழிந்தது. புல் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பெண்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. விடியற்காலையிலிருந்து எங்கும் புகை நாற்றம். இதையும் அதோடு சேர்த்துவிட்டார்கள்; அரிவாள் சத்தத்தில் வெடிப்பும் காதில் விழவில்லை. பாஞ்சாலி கட்டுக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"இன்னாண்ணே, போகி வடை கொண்ணாந்தியா?"

"புல்ல அப்பிடியே போட்டுட்டு மொட்டப்பாறைக்கு ஏறுங்க. ஜல்தி."

அவர் முகத்தைப் பார்த்ததும் ஐந்து பேர் ஓடினார்கள். ரோஜா மட்டும் தலையில் கட்டோடு ஏறப் பார்த்தாள். அவள் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக் கயிற்றை அறுத்தார். புல் சரிந்தது. அவள் திட்டிக்கொண்டே ஏறினாள். பாறை மேல் நின்று அவர் எண்ணினார். ஆறு. திரும்ப ஒருமுறை எண்ணினார். கோபுரத்தைப் பார்த்துத் துண்டை வீசிக் காட்டினார்.

சேரனின் ஆட்கள் நெருப்பு வைத்தபோது தாமதமாகிவிட்டிருந்தது. தீ ஓரிடத்தில் கோட்டைத் தாண்டி, நண்பகல்வரை மேல்காட்டைத் தின்றது. பாறையைச் சுற்றி அனல் வீசியது. ஏழு பேரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று மணிக்கு அடிவாரத்தில், பைக் சீட்டின் மேல் தாளை வைத்து மணிமாறன் அறிக்கை எழுதினார். கோபுரத்திலிருந்து அவர் எடுத்துவந்த தண்ணீர்க் கேன் பெரியநாயகத்தின் காலடியில் இருந்தது. பெண்களைக் காட்டுக்குள் விட்டதை மறைக்கவில்லை. அவர்களைக் காப்பாற்றியதையும் சேர்த்தார். பிறகு படித்துக் காட்டினார். காலை எட்டு ஐம்பத்தைந்துக்குப் புகை தென்பட்டது என்று தொடங்கியது.

"எட்டு நாப்பதுன்னு போடுங்க சார்."

"அப்ப அது போகின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இல்லன்னு அப்பவே தெரியும் சார். ஓரம் வெளுத்திருந்துச்சு. பைனாகுலர எடுத்துப் பாத்தா உங்ககிட்ட சொல்லணும். சொன்னா அவங்க மாட்டிப்பாங்க, நானும் மாட்டிப்பேன். அதான் பாக்கல."

அது அந்த இருவருக்கு மட்டுமே தெரிந்த கால்மணி நேரம். மணிமாறன் அதை அறியாமல் நேர்ந்த தவறு என்று நினைத்திருந்தார். பெரியநாயகத்தை நல்லவர் என்று சொல்ல இந்த ஒரு நாள் போதாது. பாறை ஏறிய ஆறு பேரும் அவரால் உள்ளே போனவர்கள். அவர் பேசாதிருந்த நேரத்தில்தான் தீ வளர்ந்தது. ஆனால் அந்த நேரத்தைத் தாளில் ஏற்றியவரும் அவர்தான்.

"இத எழுதுனா பட்டியல் போச்சு. வேலையும் நிக்காது."

"தெரியும் சார்."

மணிமாறன் அடித்துத் திருத்தினார். பெரியநாயகம் மூன்று விரல்களால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியைச் சீட்டின் மேல் வைத்தார்.

அறிக்கைக்குப் பெயர் கொடுப்பதற்காக வேப்பமரத்தடியில் காத்திருந்த பாஞ்சாலி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கள வுட்டத சொன்ன, சரி. நேரத்த ஏண்ணே சொன்ன? அது யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தக் கால்மணி நேரம் நீங்க உள்ளதான இருந்தீங்க" என்றார் அவர்.

பாஞ்சாலி தண்ணீர்க் கேனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.