நாற்றம் நின்றால் இறங்கலாம்

கீர்த்திக்கு மனப்பாடம் தண்ணி பட்ட பாடு. ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் இயற்பியல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தின் முதல் வரியைச் சொன்னாலும் போதும், கடைசி வரிவரை நிறுத்தாமல் ஒப்பிப்பாள். படத்துக்குக் கீழே இருக்கும் எண்ணைக்கூட விடமாட்டாள். நியூட்டனின் மூன்று விதிகளும் மூச்சு வாங்காமல் வரும். அதற்கு என்னம்மா அர்த்தம் என்று கேட்டால், அந்த மூன்று விதிகளையும் மறுபடி சொல்வாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கேள்வி பாடத்தின் கடைசியில் இருக்கிறது, பதில் பாடத்துக்குள் இருக்கிறது. நடுவில் புரிந்துகொள்வதற்கென்று யார் மார்க் போட்டார்கள்? அவள் அம்மா கன்னியம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைவரை கூடையோடு போய் விற்று வருபவள். "எம் பொண்ணு புக்கு மொத்தத்தையும் முழுங்கிட்டு கீறா" என்று வாடிக்கைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வாள். கன்னியம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அவளுக்கே தெரியாது. முழுங்கினதுதான், ஒன்றும் செரிக்கவில்லை.

அப்பா திருமலை விசைப்படகில் டிரைவர். முப்பது வருடமாகக் கடல். அவருக்குத் தன் மூக்கின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. படகு சில வாரம் ஓடாமல் கரையில் கிடந்தால், மீன் போடும் கீழறையில் மிச்சம் கிடக்கும் கழிசல் மீனும் ஐஸ் தண்ணீரும் அழுகிப்போகும். அதைக் கழுவ ஆள் இறங்க வேண்டும். திருமலை முதலில் பலகை மூடியைத் திறப்பார். குடல் வெளியே வருவதுபோல ஒரு நாற்றம் கிளம்பும். மூடியை ஒட்டி உட்கார்ந்து ஒரு பீடி, இரண்டு பீடி. நாற்றம் நின்றதும், "கெட்ட காத்து பூட்ச்சி, எறங்கு" என்பார். அந்தப் படகில் அதுதான் சட்டம். கடலோரத்தில் பிறந்த கீர்த்திக்கும், தீயைத் தொட்டால் சுடும் என்பதுபோல, நாற்றம் நின்றால் இறங்கலாம் என்பது தெரியும்.

அந்தக் கீழறையில்தான் அவள் அண்ணன் விமல் செத்துப்போனான். இரண்டு வருடத்துக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் புதிதாக வந்த வருடம் அது. ஒன்றரை மாதம் படகுகள் சும்மா கிடந்தன. தடை முடிகிற சமயத்தில் கழுவ இறங்கிய விமல், நான்கு படி இறங்கியதும் கையை விட்டு விழுந்தான். கூட வேலை செய்யும் தமீம் பாய் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவனை மேலே அனுப்பிவிட்டு, தானும் மயங்கிவிட்டார். அவர் பிழைத்தார். விமல் பிழைக்கவில்லை. அவனுக்கு இருபது வயது.

குடித்துவிட்டு இறங்கியிருக்கிறான், போதையில் கை நழுவிவிட்டது என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. பாய் ஏன் மயங்கினார்? பொணத்தைத் தூக்கின பயம் என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டில் விமலின் படத்தை மாட்டத் திருமலை சம்மதிக்கவில்லை. குடிகாரனுக்குப் பூ ஒரு கேடா என்பார். கன்னியம்மா அழுவாள். கீர்த்தி வாசலுக்குப் போய் வேதியியல் புத்தகத்தைத் திறந்து சத்தமாக ஒப்பிப்பாள், உள்ளே நடப்பது காதில் விழாமல் இருக்க.

இப்படிப்பட்டவளை முதலில் மடக்கியது கம்ப்யூட்டர்தான். நாற்பது பெண்களுக்கு ஆறு கம்ப்யூட்டர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். புத்தகத்தில் இருந்த புரோகிராமைக் கீர்த்தி கமா புள்ளி தவறாமல் அடிப்பாள். கேள்வியை ஒரு இம்மி மாற்றினால் முழிப்பாள். பெரிய எண்ணைக் கண்டுபிடி என்பதற்குப் பதில் சின்ன எண்ணைக் கண்டுபிடி என்றார்கள். அரை மணி நேரம் திரையைப் பார்த்தபடி அழாத குறை. ஒரு நாள் 'இஃப்', 'எல்ஸ்' இரண்டும் திடீரென்று பிடிபட்டன. இது நடந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய். அட, இவ்வளவுதானா! வீட்டில் அம்மா நாள் முழுக்கப் பேசுவதே இப்படித்தானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டில் நடக்கும் ஏதாவது ஒன்றைப் புரோகிராமாக எழுதி வரச் சொன்னார்கள். மற்றவர்கள் பால் கணக்கும் கரண்ட் கணக்கும் எழுதினார்கள். கீர்த்தி அப்பாவின் சட்டத்தை எழுதினாள். நாற்றம் இருந்தால், இறங்காதே என்று காட்டு. இல்லாவிட்டால், இறங்கு என்று காட்டு. முதல் தடவையிலேயே ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. பத்துக்குப் பத்து. கம்ப்யூட்டர் மிஸ் வகுப்பு முழுக்கக் காட்டினார். பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தானே யோசித்து எழுதிய ஒன்று; அதை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை வேதியியல் லேபில் செய்முறைத் தேர்வுக்குப் பயிற்சி. உப்பைக் கண்டுபிடிக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வேண்டும். மூலையில் இருந்த கண்ணாடிக் கருவியில் இரும்பு சல்ஃபைடின் மேல் அமிலம் இறங்க, அழுகின முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பெண்கள் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கீர்த்தி பொத்தவில்லை. காசிமேட்டுக்காரிக்கு இதெல்லாம் ஒரு நாற்றமா? கருவிக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டது.

கட்டணம் கட்ட ஆபீஸுக்குப் போயிருந்த அவள் தோழி சாபிரா அப்போதுதான் உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் வாசலிலேயே நின்றாள்.

"ஐயே, இன்னாடி இப்டி நாறுது! எப்டிடி நின்னுகினு கீற?"

"நாத்தமா? அது எப்பவோ நின்னுபோச்சுடி."

"நின்னுபோச்சா? எனக்குக் கொமட்டுது!"

கீர்த்தி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி உறிஞ்சினாள். கருவியில் குமிழிகள் வந்துகொண்டேதான் இருந்தன.

வேதியியல் மிஸ் ஜன்னல்களைத் திறந்துகொண்டே, "போன வருஷம் நோட்ஸ்ல குடுத்திருக்கேனே, கீர்த்தி, சொல்லு" என்றார்.

கீர்த்தி ஒப்பித்தாள். "ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறமற்றது, அழுகிய முட்டை நாற்றமுடையது, நச்சுத்தன்மை கொண்டது, காற்றைவிடக் கனமானது. கரிமப் பொருள்கள் அழுகும்போது உண்டாகிறது. தொடர்ந்து சுவாசித்தால் நுகரும் உணர்வு மழுங்கும். எனவே நாற்றம் இல்லாததைக் கொண்டு வாயு இல்லை எனக்..."

அங்கே நின்றுவிட்டாள். இந்த வரிகளுக்குக் கால்பரீட்சையில் அஞ்சு மார்க் வாங்கியிருக்கிறாள். முழு அஞ்சு. தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதால் அன்றைக்குத்தான் கேட்டாள். அழுகும்போது உண்டாகிறது. கனமானது, அப்படியானால் பள்ளத்தில் போய்த் தங்கும். கீழறையின் தரையில் தங்கும். நான்காவது படியில் தங்கும். நாற்றம் நிற்பதில்லை, மூக்குதான் நின்றுபோகிறது. அண்ணன் குடிக்கவில்லை.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அப்பாவின் படகு எஞ்சின் ரிப்பேராகி ஒரு மாதமாகக் கரையில் கிடந்தது. இன்று மத்தியானம் கீழறை கழுவப் போவதாகக் காலையில் சொல்லிவிட்டுப் போனார்.

"எங்கடி போற?" என்று சாபிரா கத்தினாள். கீர்த்தி பையைக்கூட எடுக்கவில்லை. ராயபுரத்திலிருந்து காசிமேடுவரை ஓடினாள். மீன் ஏற்றும் ஆட்டோக்காரன் திட்டினான், தண்ணீர்க் குடத்தை இடித்தாள், எதுவும் தெரியவில்லை. ஓடும்போதே நெஞ்சில் வேறொரு கல் விழுந்தது. அன்றைக்கு விமலை இறங்கு என்று சொன்னது அப்பாதான். இதை விளக்கினால், உன் பிள்ளையை நீதான் அனுப்பினாய் என்று சொன்னதாகிவிடும். அந்த மனுஷன் தாங்குவாரா? வேண்டாம். விளக்காமல் எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அவர் உயிரோடு இருந்தால் போதும்.

ஒட்டி ஒட்டிக் கட்டியிருந்த படகுகளைத் தாண்டிக் குதித்து அவள் போய்ச் சேர்ந்தபோது, திருமலை மூடியைத் திறந்து வைத்து, கால்களை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பீடி முடிந்திருந்தது.

"நைனா! எந்திரி! அம்மா மயக்கம் போட்டு வுழுந்துட்ச்சி, வூட்டுக்கு வா!"

திருமலை கையை நெற்றிக்கு மேல் வைத்துக் கரையைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? அந்தா, ஏலம் வுடற எடத்துல சண்ட போட்டுகினு கீறாளே, அது யாரு?"

கன்னியம்மாவின் குரல் இங்கேவரை கேட்டது. பொய் சொல்லத் தெரியாதவள் சொன்ன பொய் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இஸ்கூல வுட்டுட்டு இன்னா வெளயாட்டு? போ. நான் எறங்கிக் கழுவிட்டு வரேன்" என்று திருமலை முதல் படியில் காலை வைத்தார்.

கீர்த்தி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் வேறு வழி இல்லை.

"நைனா, இப்ப நாறுதா ஒனக்கு?"

"இல்லியே. அப்பவே நின்னுபோச்சு."

"எனக்கு நாறுது நைனா. வவுத்தப் பெரட்டுது."

பக்கத்துப் படகில் வலை தைத்துக்கொண்டிருந்த தமீம் பாயை அவள் கூப்பிட்டாள். அவர் தாண்டி வந்தார். மூடிக்குப் பத்தடி இருக்கும்போதே லுங்கியைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். "இன்னா கலீஜு நாத்தம்யா இது! இப்பத்தான் தெறந்தியா?"

திருமலை அவரைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். காலைப் படியிலிருந்து எடுத்தார்.

"நாத்தம் எங்கயும் போவல நைனா," கீர்த்திக்கு மூச்சு வாங்கியது. "அங்கியேதான் கீது. பக்கத்துல குந்திகினே இருந்தா மூக்கு மரத்துப்போயிடும், நமக்குத்தான் தெரியாது. அது காத்த வுட கனம். கீழ அடில போயி தங்கும். எறங்கி ரெண்டு மூச்சு இழுத்தா..."

விமல் பெயரை அவள் எடுக்கவே இல்லை. தமீம் பாய் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் தன் தலை சுற்றியது எதனால் என்று அவருக்கு இரண்டு வருடம் கழித்து இப்போது தெரிந்தது.

திருமலை கால்களை வெளியே எடுத்து, பலகை மூடியை இழுத்து மூடினார். பிறகு பேசினார், யாரையும் பார்க்காமல்.

"அவன் மாட்டேன்னான்மா."

"நைனா..."

"அப்பத்தான் வூட்லேர்ந்து வந்தான். நான் ரொம்ப நேரமா இங்க குந்திகினு இருந்தேன். எறங்குடான்னேன். 'இன்னும் நாறுது நைனா, கொஞ்சம் போவட்டும்'னான். எனக்கு நாறல. காலங்காத்தால குட்ச்சிட்டு வந்து கீறியாடா, மூக்கு கெட்டுப்போச்சாடான்னு அத்தினி பேரு எதிர்லயும் கேட்டேன்."

தமீம் பாய் தலையைக் குனிந்துகொண்டார். விமல் குடித்திருந்தான் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று இத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை. கீர்த்தியும் கேட்டதில்லை.

"புள்ளைக்கு ரோஷம் வந்துட்ச்சி," என்றார் திருமலை. "ஒண்ணும் பேசாம எறங்கிட்டான்."