அம்புலன்ஸ் எட்வேர்டின் மேன்முறையீடு

நீர்வேலியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் எட்வேர்ட் மாமா இருக்கிறார். பதினெட்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் ஓட்டியவர். ஷெல் விழுந்த இடத்திலிருந்து மற்ற வண்டிகள் திரும்பி வரும்போது இவருடைய வண்டி அங்கே போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை முடிந்து இரண்டு வருடத்தில், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கவே முடியாமல் போய், வேலையை விட்டார். இப்போது ட்ராக்டர் உறுமினாலும் ஓடி ஒளிவார். அவருக்குப் பைத்தியம் என்று பொடியள் நாங்கள் வைத்த பெயர் 'விசர் ட்ரைவர்'. அவர் வேலிக்குள் சீனவெடி கொளுத்திப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதைப்பற்றி இவ்வளவும் போதும்.

அவருடைய மனைவி நேசமலர் மாமிக்கு ஒரே பிடிவாதம்: இந்த வருத்தம் கடமையால் வந்த நோய் என்று அரசாங்கம் எழுதித் தரவேண்டும். அப்படி எழுதினால்தான் இயலாமைக் கொடுப்பனவும் கிடைக்கும். போன வருடம் விண்ணப்பித்து, மருத்துவச் சபைக்கு முன்னால் மாமாவைக் கூட்டிப்போனார். ஞாயிறு ஆராதனைக்குப் போவதுபோல முகம் வழித்து, அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை. எப்படி இருக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்க, மெதடிஸ்த வளர்ப்பு சும்மா விடுமா? கர்த்தர் கிருபையால் சுகம் என்றாராம் மாமா. இரண்டு நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். குறைபாடு எதுவும் தென்படவில்லை என்று கடிதம் வந்தது.

மாமி மேன்முறையீடு செய்தார். அதற்கு நாள் குறித்ததும் எங்கள் பகுதிக் கிராம அலுவலரான விதானையார் சீவரத்தினம் வந்து, இந்த முறை தாடியோடும் ஊத்தைச் சாரத்தோடும் கூட்டிப்போகும்படி புத்தி சொன்னார்.

"அவருக்கு வருத்தம்தான், விதானையார். மானம் கெட்டுப்போகேல்லை," என்றார் மாமி. அதே வெள்ளைச் சட்டையை எடுத்து மறுபடியும் அயன் பண்ணினார்.

அங்கே நடந்ததை மாமியின் வாயால் ஐந்து தரம் கேட்டிருக்கிறேன். புது டொக்டர், ஒரு பெண். கேள்வி மட்டும் பழசு. மாமாவின் பதிலும் பழசு. டொக்டர் எழுதக் குனிந்ததும் மாமி எழும்பிவிட்டார்.

"உதை ஆர் கேட்டாலும் எங்கடை ஆக்கள் சுகம் எண்டுதான் சொல்லுவினம், டொக்டர். நேற்று மத்தியானம் எங்கை இருந்தவர் எண்டு கேளுங்கோ."

டொக்டர் கேட்டார். மாமா நிலத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

"கிணத்தடியிலை. தொட்டிக்குப் பின்னாலை. ட்ராக்டர் சத்தம் கேட்டது. வண்டிக்குள்ளை நாலு பேர் கிடக்கினம், டொக்டர். நான் இன்னும் அவையளை இறக்கேல்லை."

டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டார். மாமா முக்கால் மணித்தியாலம் கதைத்தார். எந்தச் சந்தி, எந்த மழை, அந்த நாலு பேரின் பெயர்கள், எல்லாம் வந்தன. கூடவே குடித்தனம் நடத்திய மாமிக்கே அதெல்லாம் புதுசு.

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. மாமி புத்தூருக்கு பஸ் ஏறிப்போய் இருபது போட்டோக்கொப்பி எடுத்து, ஒழுங்கையில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். விதானையாருக்கு இரண்டு. எங்கள் வீட்டுக்கு வந்ததில், 'கடமையின்போது ஏற்பட்ட நோய்' என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் தாள் கிழிகிற அளவுக்குக் கோடு இழுத்திருந்தது.