மேலே எது, கீழே எது?

கட்டம் போட்டு எழுதும் உத்தியோகத்தில் எண்களை விடத் தலைப்புதான் ஆளைக் கவிழ்க்கும். ரூல்தடியோடு மாரடித்த பழைய குமாஸ்தாவான உங்களுக்கு இது தெரியாததா? அறுபதுகளில் விழுப்புரத்தில், விதை ஒதுக்கும் ஆபீஸ் ஒன்றில் நான் குமாஸ்தா.

இங்க் சிக்கனம்

விதைப் பட்டியலில் மூன்று சங்கதி உண்டு: ஊர், பயிர், விதைக்கும் பட்டம். தாளுக்கோ நீளம், அகலம் இரண்டுதான். ஊர்களைக் கீழ்நோக்கி எழுதினேன். நெல், கேழ்வரகு, வேர்க்கடலை என்று பயிரைப் பக்கவாட்டில் வைத்து, ஆடி, மார்கழி, சித்திரை என்று பட்டத்துக்கு ஒரு தாள் போட்டேன். எது எந்தப் பக்கம் என்று தலையில் எழுதப் போனால் ஹெட்கிளார்க் தடுத்துவிட்டார்.

"நெல்லு, கேப்பை, மல்லாட்டை. இந்த வரிசை யாருக்குய்யா தெரியாது? இங்க்கை வீணாக்காத."

சித்திரை நெல்

திண்டிவனத்துப் பட்டியலை அங்கிருந்த டைப்பிஸ்ட் ரோசம்மா அனுப்புவார். அதுவும் மூன்று தாள், தாளுக்கு மூன்று பத்தி, தலைப்பில்லை. என்னுடையதைப் போலவே இருந்ததால் குண்டூசி குத்திச் சேர்த்து மேலே அனுப்பிவிட்டேன்.

ஆடியில் நல்ல மழை. மூன்றாம் நாள், திண்டிவனத்துப் பட்டியலைச் சேர்ந்த திருவக்கரை விவசாயி ஏழுமலை கால் சேறோடு வந்து நின்றார். ஊருக்கே மல்லாட்டை விதை இல்லை என்று டிப்போவில் கைவிரித்துவிட்டார்களாம். ஈரம் காய்ந்தால் அந்த வருஷமே போச்சு. பட்டியலைப் பார்த்தேன். ஆடி மல்லாட்டைக்குச் சுழி. சித்திரை நெல்லுக்கு எழுபது மூட்டை! படித்துக் காட்டினேன்.

"சித்திரையில எங்க ஏரி வத்திப்போய் மாடு படுத்துக்கினு இருக்கும் சார். அதுல நெல்லு போட எவன் கேட்டான்?"

ட்ரங்க் கால்

திண்டிவனத்துக்கு ட்ரங்க் கால் போட்டேன். ரோசம்மா பயிருக்கு ஒரு தாள் வைத்து, பட்டத்தைப் பக்கவாட்டில் அடித்திருந்தார். அவருடைய மூன்றாம் தாளின் முதல் பத்தி ஆடி மல்லாட்டை. அதைத்தான் நான் சித்திரை நெல்லாக்கியிருந்தேன். ஒதுக்கீட்டைத் திருத்தியதும், அன்று சாயங்காலமே மல்லாட்டை விதை எழுபது மூட்டையும் லாரியில் திருவக்கரைக்குப் போயின. ஈரம் இருந்தது. அந்தம்மா என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

"மூணுக்கு மூணு கட்டம் சார், எப்படித் திருப்பினாலும் பொருந்துது. இனிமே தலையில எழுதிடுவோம், இங்க் நான் வாங்கி அனுப்பறேன்."

தணிக்கை

அடுத்த ஆடிக்கு முன்பே ஏழுமலை வந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தாளை என் மேஜையில் விரிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஓரத்திலும் விரலை வைத்தார்.

"கீழ ஊரு, சரி. பக்கத்துல இன்னா? இந்தத் தாளு எதுக்கு? சொல்லுங்க சார், அப்பறம்தான் நான் பஸ் ஏறுவேன்."

என் சர்வீசில் எத்தனையோ அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள், என் தாளைச் சரிபார்த்தவர் அவர் ஒருவர்தான்.