மூணாவது ராணி

எங்கப்பா லிங்கசாமி பனியன் கம்பெனியில செக்கிங் இன்சார்ஜ். துணியில ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எதுன்னாலும் செகப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டறதுதான் பொழப்பு. நல்லாயிருக்கற பீஸுக்கு ஸ்டிக்கரும் கெடையாது, ஒரு நல்ல வார்த்தையும் கெடையாது. அந்தப் பழக்கத்தை மனுசன் ஊட்டுக்கும் கொண்டாந்துட்டாரு. ரசத்துக்கு ஒரு ஸ்டிக்கர், என்ற சுடிதாருக்கு ஒரு ஸ்டிக்கர், கல்யாண ஊட்டுப் பந்தியில உக்காந்தா அதுக்கும் ஒண்ணு. நான் சுபஸ்ரீ, அதே கம்பெனியில ஆர்டருங்களைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசரா இருக்கறேன். "லிங்கசாமி பொண்ணா?"ன்னு ஆராச்சும் கேட்டா எனக்குத் தலை தானாக் கீழ போயிரும்.

அதெல்லாம் கூடத் தாங்கிக்கலாமுங்க. நாடகத்துக்கு ஒட்டுன ஸ்டிக்கரைத்தான் என்னால தாங்க முடியல.

முதலிபாளையத்துக்குப் பக்கத்துல எங்கூரு. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா, நோம்பிக்கு மாரியாத்தா கோயல் முன்னாடி 'பொன்குருவி ராணி' நாடகம் போடுவாங்க. முச்சூடும் பாட்டாலயே போற கதை. சூனியக்காரி ராணியைக் குருவியாக்கிப்புடறா. ராசா அந்தக் குருவியைப் புடிச்சுத் தங்கக் கூண்டுல வெச்சு வளக்கறாரு, அது தன் பொண்டாட்டின்னு தெரியாமலே. குருவி நெதமும் பாடுது. ராசா வாயில ராணி பேரு வந்தாத்தான் சாபம் தீரும். ராணி வேசம் கட்டறது எப்பவும் ஆம்பளைங்கதான்.

அப்பாவுக்கு நடிக்க வராது. ஆனா ரெக்கார்டிங் அவரு கையில. மேடைக்குப் பக்கத்துல ரெக்கார்டரை வெச்சுக்கிட்டு ஆரையும் கிட்ட அண்ட விட மாட்டாரு. ஊட்டுல மூணு ரெக்கார்டிங் இருக்குது. மொதலாவது வெளியூர் செட்டு வந்து போட்டது. ரெண்டாவது, எங்கூர்க்காரங்களே வாத்தியார் வெச்சுப் பழகிப் போட்டது. இந்த ரெண்டும் அப்பா புடிச்சது. மூணாவது மட்டும் அவரு எத்தியோப்பியாவுக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போயிருந்த வருசம் மைக் செட்டுக்காரங்க செல்போன்ல புடிச்சு வெச்சது.

ஊட்டுக்கு வந்தவங்க தப்பிக்கவே முடியாது. காப்பி ஆறறதுக்குள்ள மூணையும் போட்டுக் காட்டிப் பேச ஆரம்பிச்சுருவாரு. "மொதல் ராணிக்குக் கொரலு கணீர்னு இருக்குது, ஆனா கடைசி பஸ்ஸைப் புடிக்கறவளாட்ட ஓடறா பாருங்க. ரெண்டாவது ராணி நல்ல நிதானம், ஆர்மோனியந்தான் அவளை முழுங்கிப் போட்டுது. சூனியக்காரி சிரிப்புன்னா ரெண்டாவதுதானுங்க. மொதல் செட்டுல அவ சிரிக்கறாளா இருமறாளான்னே தெரியாது." சும்மா சொல்லக் கூடாது, சொல்றது அத்தனையும் செரியாத்தான் இருக்கும். அப்பறம் மூணாவதைப் போடுவாரு. "இது ஒரு ராணியா? பச்சத் தண்ணியாட்ட ஒரு கொரலு. ஒரே இழுவை. கூண்டைத் தொறந்து உட்டாக் கூட இந்தக் குருவி பறக்காதுங்க!" வந்தவங்க உழுந்து உழுந்து சிரிப்பாங்க. எனக்கு அந்த எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருக்கும்.

ஏன்னா, அந்த மூணாவது ராணி எங்கம்மா.

அந்த வருசம் ராணி வேசம் சசிகுமாரண்ணனுக்கு. நோம்பியன்னிக்குப் பாத்து அவருக்குத் தொண்டை கட்டிப் போச்சு. நாடகத்தை நடத்தற ஆறுச்சாமி மாமா எங்க ஊட்டுக்கு ஓடியாந்து அம்மா முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டாரு. அப்பா ஓய்வில்லாமப் போட்ட ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு மொத்த நாடகமும் மனப்பாடம், அது மாமாவுக்குத் தெரியும். படுதாவுக்குப் பின்னாடி உக்காந்து அம்மா பாட, முன்னால சசிகுமாரண்ணன் வாயை மட்டும் அசைச்சாரு. நான் பக்கத்துல சுடுதண்ணிச் செம்போட உக்காந்திருந்தேன். கடைசிப் பாட்டுல முன்வரிசைப் பொம்பளைங்க மூக்கைச் சிந்துனது எங்களுக்குக் கேட்டுச்சு. "அவரு வரட்டுமுங்கண்ணா, நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் ஆருக்கும் சொல்லாதீங்க"ன்னு அம்மா மாமாகிட்டக் கேட்டுக்கிட்டாங்க.

அப்பா எத்தியோப்பியாவுலருந்து திரும்பி வந்தாரு. அம்மா மூஞ்சி கழுவிப் பூ வெச்சுக்கிட்டு நின்னாங்க. அக்கம்பக்கத்து ஆளுங்க கூடியிருக்க, அப்பா மூணாவது ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாதியிலயே நிறுத்துனாரு. "தூ, பச்சத் தண்ணி!" அம்மா சொல்ல வந்ததை அப்படியே முழுங்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

"சொல்லிப்போடுங்கம்மா, மானம் போகட்டும் அவருக்கு"ன்னு நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கேன். "போகுது உடு அம்மிணி. தெரியாமத்தான சொல்றாரு"ம்பாங்க. எனக்கு அப்பாவை நெனச்சாலும் வெக்கம், வாயை மூடிட்டிருக்கற என்னைய நெனச்சாலும் வெக்கம்.

இந்த வருசம் ஆறுச்சாமி மாமா வந்து, "படுதா எல்லாம் வேண்டாம் கலாமணி, நீயே மேடையேறி ராணியாப் பாடிரு"ன்னாரு. அம்மா மூஞ்சி அப்படி மலந்து நான் பாத்ததே இல்ல. ஊட்டுல கேட்டுச் சொல்றேன்னாங்க. ஆனா அன்னிக்கே, எந்த ரெக்கார்டிங்கை வெச்சுப் பழகறதுன்னு நாடகத்து ஆளுங்க அப்பாவைக் கேக்க வந்தாங்க. "மூணாவதை மட்டும் தொட்டுப்போடாதீங்க, வெளங்காது"ன்னு வாசல்ல நின்னு சத்தமாச் சொன்னாரு. "எனக்கு வேண்டாம் கண்ணு. அந்தக் காதுக்கு முன்னால எப்படி நின்னு பாடறது?"ன்னு அம்மா எங்கிட்டச் சொல்லிட்டாங்க.

அடுத்த நாளு மத்தியானம் ஒரு சாம்பிள் பீஸைக் காட்டறதுக்கு நான் செக்கிங் பக்கம் போனேன். சாப்பாட்டு நேரம். அட்டைப்பொட்டி அடுக்குக்குப் பின்னாடி அப்பா இயர்போனை மாட்டிக்கிட்டு, கண்ணை மூடி, வாயை அசைச்சுட்டு உக்காந்திருந்தாரு. கன்னமெல்லாம் ஈரம். மடியில இருந்த செல்லை எட்டிப் பாத்தேன். மூணாவது ஓடிட்டிருந்துச்சு.

நான் தெகைச்சுப் போயி நிக்க, செக்கிங்ல இருக்கற மோனிஷா என்னையத் தள்ளிக் கூட்டிட்டுப் போனா. "அதையேங்க்கா கேக்கறீங்க, தெனமும் இந்நேரத்துக்கு இதுதானுங்க. 'எங்க ஊட்டுக்காரி பாடுனது, மொத வரியிலயே கண்டுபுடிச்சுட்டேன், இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு கொரலு இல்ல'ன்னு ஒருக்கா எனக்கும் கேக்கக் குடுத்தாரு. ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற."

பர்மிஷன் போட்டுட்டு வண்டியை முறுக்கிக்கிட்டு ஊடு வந்து சேந்தேன். அம்மா வெங்காயம் உரிச்சுட்டிருந்தாங்க. "அம்மா, மேடையேறுங்க! அப்பாவுக்கு உங்க பாட்டுன்னா உசுருங்கம்மா. மொதல் தடவை கேட்டப்பவே நீங்கதான்னு தெரியுமாம்!"

அம்மா சிரிக்கல. கையில இருந்த வெங்காயத்தைக் கீழ வெச்சாங்க.

"தெரியாமச் சொல்றாருன்னுதான் கண்ணு இத்தன வருசம் பொறுத்துட்டிருந்தேன்."

நான் என்ன காரியம் பண்ணிப்போட்டேன்னு அப்பத்தான் உறைச்சுது. அம்மா புடிச்சுட்டு நின்ன ஒரே கொம்பை நானே சந்தோசமா ஓடியாந்து ஒடிச்சுட்டேன். பாழாப்போன இந்த வாய்க்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்ட ஆளில்லையேன்னு இருந்துச்சு. அவங்க மூஞ்சியைப் பாக்க எனக்கு மொகமில்ல.

பொழுது எறங்கறப்ப அப்பா வந்தாரு. அவரு செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஆறுச்சாமி மாமாவும் பதில் கேட்டு வந்துட்டாரு. அம்மா அடுப்படியிலருந்து வெளிய வந்தாங்க.

"ஏனுங்க, மூணாவதைப் போடுங்க."

"அதை எதுக்குப் புள்ள இப்ப..."

"போடுங்க. பெரிய ஸ்பீக்கர்லயே போடுங்க. கதவு தொறந்தே இருக்கட்டும்."

அப்பா என்னையப் பாத்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவருக்குப் புரிஞ்சு போச்சு. செல்லை ஸ்பீக்கர்ல மாட்டிப் போட்டாரு. கூண்டுக்குள்ளருந்து குருவி ராசாவைக் கூப்பிடற பாட்டு. தெருவுல போனவங்க நின்னு கேட்டாங்க. அப்பா தரையைப் பாத்த பார்வையை எடுக்கல.

பாட்டு முடிஞ்சுது. "எங்கெங்க தப்புன்னு அண்ணனுக்குக் காட்டுங்க"ன்னாங்க அம்மா.

"தப்பே இல்ல."

"ஆரு பாடுனது?"

"நீதான் கலாமணி"ன்னாரு அப்பா. அப்பறம் மாமா பக்கம் திரும்பி, "நான் வந்த அன்னிக்கே டீக்கடையில, ராணி கொரலு நெசப் பொம்பளக் கொரலாட்ட இருக்குதேன்னு பேசிக்கிட்டானுக மச்சான். புருசன் ஊர்ல இல்லாதப்பப் பொண்டாட்டி நாடகத்துல பாடுனான்னு சிரிப்பானுகளேன்னு பயந்துட்டேன். நானே மட்டந்தட்டிட்டா ஆரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு... அதுவே பழக்கமாப் போச்சு." அப்படியே துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாரு.

"அந்த ராசாவுக்காச்சும் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும்"னாங்க அம்மா.

மாமா மெதுவா, "அப்ப நாடகம் என்னம்மா..."ன்னு இழுத்தாரு.

"வர்றனுங்கண்ணா. மேடையிலயே நின்னு பாடறேன். ரெக்கார்டிங் மட்டும் இவரு புடிக்க வேண்டாம். வேற ஆளைப் பாத்துக்குங்க."

அப்பா எந்திரிச்சாரு. ஆணியில தொங்குன ரெக்கார்டர் பையை எடுத்தாரு. என்னைய சின்ன வயசுலருந்து தொடக் கூட விடாத பை அது. அதை மாமா கையில குடுத்து, "நாலாவது நல்லா வரணும் மச்சான். மைக்கை ராணிக்குக் கிட்டத்துல வெக்கச் சொல்லுங்க"ன்னாரு.

அம்மா வெங்காயம் உரிக்கத் திரும்பிப் போயிட்டாங்க.