வேலியும் கட்டிலும்

வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில், மகள் காயப்போட்டிருந்த உள்ளாடையின் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடினேன்.

"வெயில் படட்டும்மா. யாருக்குப் பயந்து மூடுற?" என்றாள்.

துண்டின் ஈர வாடை என்னை நான் வளர்ந்த அடி அண்ணாமலைக்கு இழுத்துப்போனது. கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. பௌர்ணமிக்கு வரும் ஆண்கள் குளித்துவிட்டு வேட்டி, ஜட்டி, கோவணம் எல்லாவற்றையும் எங்கள் வேலியில்தான் உலர்த்துவார்கள். அம்மா அவர்களுக்கு மோரும் கொடுப்பாள். என் உள்ளாடைகளை மட்டும் கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டிப் போடுவாள்.

"நாலு பேரு கண்ணுல பட்டா பொண்ண என்னான்னு நெனப்பாங்க?"

காயாததைப் போட்டுக்கொண்டு அரிப்போடு பள்ளிக்கூடம் போவேன்.

மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. துண்டை எடுத்துவிட்டேன். அதே கொடியில், நைட்டிக்கு அடியில் ஒளித்திருந்த என்னுடையதை வெளியே எடுத்துப் போடத்தான் கை வரவில்லை.