வரிசையின் கடைசியில் ஆம்ப்ரோஸ்

தன் முறை வந்ததும் ஆம்ப்ரோஸ் ஒதுங்கி நின்று, பின்னால் இருப்பவருக்கு வழிவிட்டான். சிராங்கூன் ரோட்டுத் தபால் நிலையத்தில் அவனுக்கு இது வழக்கம். நீளமாக முடி வளர்த்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று சுவரில் அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருந்த எழுபதுகள் அவை. மற்ற பையன்கள் முடியைக் காலருக்குள் திணித்துக்கொண்டு தப்பப் பார்ப்பார்கள். இவன் நன்றாக எடுத்து வெளியே விட்டுக்கொள்வான். "நம்மளத்தான் எழுதியிருக்கான்லா" என்று சிரிப்பான்.

வயது இருபது. பதினேழில் கழுத்துக் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்குப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற ஏற முடி, புருவம் எல்லாம் உதிர்ந்தன. கட்டி கரைந்து இரண்டு வருடமாகிறது. கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்கு அவனை எடுக்கவில்லை. கூடப் படித்தவர்கள் முகாமிலிருந்து ஒட்ட வெட்டிய தலையோடு வந்து, "நாங்க அங்க வெயில்ல காயுறோம், நீ இங்க ஹீரோவாடா?" என்று சீண்டுவார்கள். "உங்களுக்கு முன்னாடியே நான் மொட்டை போட்டு முடிச்சிட்டேன்டா" என்பான். அன்று வீட்டில் யாரோடும் பேசமாட்டான்.

சந்திரமதி ஆஸ்பத்திரிச் சமூகநல ஊழியர். பட்டம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இளவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு இன்னும் என்ன உதவி வேண்டும் என்று வீடு தேடிப் போய்க் கேட்பது அவள் வேலை. அன்று ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பாடு, தூக்கம், பஸ் செலவு என்று எதைக் கேட்டாலும் ஆம்ப்ரோஸ், "ஓகேலா அக்கா" என்றான். அவன் தாய் அல்போன்சம்மாள்தான் குறுக்கிட்டாள்.

"ஜூரோங் ஃபேக்டரியில வேலை கெடச்சிருக்கும்மா. திங்கக்கெழம முடி வெட்டிட்டு வரணுமாம். இவன் மாட்டேங்கறான். சீக்குக்காரன்னு ஏற்கெனவே ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்க. இதுவும் போச்சுன்னா யாரு குடுப்பா?"

தாய் சமையலறைக்குப் போனதும் ஆம்ப்ரோஸ் மெல்லச் சொன்னான்: "வெட்டிட்டு, மறுபடி வரலைன்னா என்னக்கா பண்றது?"

அப்படியெல்லாம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அது அவனுக்கும் தெரியும். தான் கேட்டுக்கொண்டு வந்த கேள்விகளில் ஒன்றுகூட இந்தப் பயத்தின் பக்கம் போகவில்லையே என்று சந்திரமதிக்குப் பட்டது.

"நான் தேக்கா மார்க்கெட்டுக்குத்தான் போறேன். அங்க ஒரு முடிவெட்டுற கடை இருக்கு. கூட வர்றியா? வெட்டியே ஆகணும்னு இல்ல" என்றாள்.

தேக்காவில் வடிவேலுவின் முடிதிருத்தும் கடை. ஆம்ப்ரோஸ் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். பிறகு, "வெட்டுங்கண்ணே" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். வடிவேலுவுக்கு அவன் கதை எதுவும் தெரியாது. கத்தரியை ஓட்டிக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

"என்ன முடி தம்பி இது, கம்பளி மாதிரி. கத்தரி மொன்னையாப் போவுது. மூணு வாரத்துல காதுல வந்து விழும், பாத்துக்க. அப்புறம் நான் சரியா வெட்டலைன்னு சண்டைக்கு வரக் கூடாது."

ஆம்ப்ரோஸ் ஒரு கண்ணைத் திறந்தான். "மூணே வாரமாண்ணே?"

"அதுவே ஜாஸ்தி."

வெளியே வந்தவன் பக்கத்துப் பெட்டிக்கடையில் நின்றான். விரலுக்கு அகப்படாத அளவுக்கு ஒட்ட வெட்டிய தலை. தொங்கிய சீப்புகளில் ஒன்றை எடுத்து, பற்களைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தான். அதைத் திரும்ப மாட்டிவிட்டு, இன்னும் பெரியதாக ஒன்றைக் கேட்டான்.